துணைவினை

பிரம்மசக்தியை இரண்டு முறை தோற்கடித்தது ஒரு துணைவினை.

பதினாறு வருடமாக ஆஸ்பத்திரி வராந்தா, லாட்ஜ் குளியலறை, கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு என்று கழுவிக் கழுவியே கை தேய்ந்தவள் அவள். கழுவுகிறவர்கள் வாயில் ஒரு சொல் எந்நேரமும் ஊறிக் கிடக்கும். தரையைக் கழுவி விடு, கண்ணாடியைத் துடைத்து விடு, குப்பையைக் கூட்டி விடு, ஒட்டடையைத் தட்டி விடு. இந்த 'விடு'வுக்குத் தனியாக ஒரு அர்த்தமும் கிடையாது. வேலையை முடி என்று முதுகில் ஒரு தட்டு, அவ்வளவுதான். தமிழ் பேசுகிற எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. புரியாமல் போனது ஒன்றுக்கு மட்டும்தான். அதன் பெயர் கரையான்.

கரையான் என்பது தொழிலாளிகள் வைத்த பெயர். மனை மீட்பு வாரியத்தின் பாடப்புத்தகத்தில் அதன் பெயர் ஒன்றரை வரிக்கு ஓடும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த, கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி வாய்கள். சாம்பல் நிறக் கூழாக உருளையில் அடைத்து வரும். வெள்ளம் புகுந்த வீட்டுச் சுவரில் பீய்ச்சி அடித்தால் வண்டல், பாசி, பூஞ்சை, சாக்கடை எதுவானாலும் தின்று தீர்த்து, ஒரு மணி நேரத்தில் தானும் செத்து மாவாக உதிரும். பத்துப் பேர் பத்து நாள் முதுகொடிந்து செய்த வேலையை இப்போது ஒரு ஆள் ஒரு காலைப் பொழுதில் முடித்துவிடலாம். அந்த ஒரு ஆளாக இருப்பதற்குத்தான் சான்றிதழ். அதற்குத்தான் பயிற்சி, தேர்வு, எல்லா அக்கப்போரும்.

"அதுக்குக் கண்ணும் கிடையாது, மூக்கும் கிடையாது," என்றார் கட்டளை வகுப்பு எடுத்த சுயம்புலிங்கம். தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் வாரியத்தில் தேர்வாளராகச் சேர்ந்தவர். "சாமி மாடத்துக் குங்குமமும் அதுக்கு ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான். எது அழுக்குன்னு நீங்கதான் சொல்லணும். கையில இருக்கிற கோலால ஒளிப்பொட்டு வச்சு இடத்தைக் காட்டுங்க. தின்னணும்னா 'எடு'. தின்னக் கூடாதுன்னா 'விடு'. ரெண்டே சொல்லு. உங்க தலைக்கவசத்துல இருக்கிற செவி, கடைசியாக் கேட்ட சொல்லைத்தான் பிடிக்கும்."

"அப்ப 'எடுத்து விடு'ன்னு சொன்னா, சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"விடுன்னுதான் கேக்கும். இதைச் செஞ்சவங்களுக்குத் துணைவினை தெரியாது. அதுவும் சும்மா விட்டுட்டுப் போகாது; அந்த எடத்து மேல கண்ணாடி மாதிரி ஒரு தோலைப் போத்திரும். பத்து நிமிஷத்துக்குள்ள 'எடு'ன்னு மாத்திச் சொன்னாப் பிழைச்சீங்க. அதுக்கு மேல ஆச்சுன்னா பிரம்மாவே வந்தாலும் அதை எடுக்க முடியாது. சுவரைத்தான் இடிக்கணும்."

பிரம்மசக்தி முதல் தேர்வில் ஒரு சமையலறை முழுவதையும் பார்த்து, வாய் நிறைய, "எல்லாத்தையும் எடுத்து விடு" என்றாள். அடுப்படிப் பிசுக்கு, வண்டல், செத்த கரப்பான் உட்பட எல்லாம் கண்ணாடித் தோலுக்கடியில் பளபளத்துக்கொண்டு பொருட்காட்சி போல நின்றன. இரண்டாவது தேர்வில் ஒரு கழிவறை. அதை விவரிக்க வேண்டாம்.

மூன்றாவது முறையும் தோற்றால் ஐந்து வருடத்துக்குத் தேர்வு எழுத முடியாது. தை மாதம் முதல் சான்றில்லாதவர்கள் எந்தக் கட்டடத்திலும் விளக்குமாற்றைக்கூடத் தூக்கக் கூடாது என்று சட்டம் வருகிறது. அப்புறம் பிரம்மசக்திக்கு மிச்சமிருப்பது கள்ளத்தனமாகக் கூப்பிடுகிறவர்களின் சாக்கடை மட்டும்தான். அமிலம் பட்டு ரேகை அழிந்த கையோடு மறுபடி அதற்குள் இறங்க அவள் தயாராக இல்லை. பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் மதுமிதாவிடம், "இந்தத் தடவ பாஸாயிருவேன், பாரு" என்று வாரத்துக்கு மூன்று தரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இயல்பிலேயே அவள் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள். உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் விரல் சொடுக்கும். "கால ஆட்டாத, குடும்பத்துக்கு ஆகாது" என்று சின்ன வயதில் வாங்காத அடியில்லை. அடி வாங்கியும் கால் நிற்கவில்லை. இப்போது அதோடு நாக்கையும் கட்ட வேண்டியிருந்தது.

நாக்கைக் கட்டும் பொறுப்பை ஜெர்லின் எடுத்துக்கொண்டாள். நாசரேத்துப் பெண், இருபத்து மூன்று வயது, ஏதோ டிப்ளமோ முடித்தவள். பயிற்சிக்கு வரும்வரை விளக்குமாற்றைத் தொட்டதில்லை என்பதை ஒளிவில்லாமல் சொல்வாள். வகுப்பில் எப்போதும் முதல் இடம். தேர்ச்சி பெறுகிறவர்களுக்கு வாரியம் 'மீட்பர்' என்று பெயர் வைத்திருப்பதைப் பார்த்து முதல் நாளே விழுந்து விழுந்து சிரித்தவளும் அவள்தான். "யக்கா, எங்க சபையில மீட்பர் ஒருத்தர்தான். இத ஊர்ல போயிச் சொன்னேன்னா பாஸ்டர் என்னை வெளிய தள்ளிருவாரு."

அவள் பிரம்மசக்தியின் மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டினாள். 'விடு' என்று வாயில் வரும்போதெல்லாம் இழுத்து ஒரு சுண்டு. வகுப்பில், டீக்கடையில், பஸ்ஸில், எங்கே என்றாலும் விதிவிலக்கு கிடையாது. வீட்டில் மதுமிதாவும் அந்த வேலையைச் சந்தோஷமாகச் செய்தாள். மூன்று மாதத்தில் பிரம்மசக்தியின் மணிக்கட்டு சிவந்து தடித்தது, பேச்சு நொண்டியாயிற்று. ஒருநாள் கண்டக்டரிடம், "அண்ணே, ஆஸ்பத்திரி ஸ்டாப்புல எறக்கி..." என்று ஆரம்பித்து, மேலே போக வழியில்லாமல் திருதிருவென்று விழித்தாள். "எறக்கி என்னம்மா செய்யணும்?" என்றார் அவர். பஸ்ஸே சிரித்தது.

தேர்வு நாளன்று காலை ஒன்பது மணிக்கு வாரியத்தின் வேன் அவர்களைச் சாந்தி நகர் நாலாவது தெருவில் இறக்கியது. ஒன்பது தேர்வர்கள், ஒன்பது வீடுகள். கார்த்திகையில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு வீட்டுக்காரர்கள் யாரும் இன்னும் உள்ளே குடிவரவில்லை. தெரு முழுக்கச் சேறு காய்ந்து வெடித்திருந்தது. மின்கம்பியில் ஒரு பாவாடை தொங்கிக்கொண்டிருந்தது.

சுயம்புலிங்கம் ஆளுக்கொரு விதித்தாள் கொடுத்தார். ஜெர்லின் வாங்கியவுடன் முதல் பக்கத்திலேயே நின்றாள்.

"சார், முன்படம் எடுக்கதப் பத்தி ஒண்ணுமே இல்லியே? வேலைக்கு முன்னாடி எல்லாச் சுவரையும் படம் பிடிச்சு நம்ம எண்ணோட பதியணும்னுதான சொல்லித் தந்தீங்க?"

"தேர்வு வீட்டுக்கு வேண்டாம்னு மேலேருந்து உத்தரவு. நீங்க இன்னும் சான்று வாங்காதவங்க. உங்க பேர்ல பதிவு ஏறாது." சுயம்புலிங்கம் இதைச் சொல்லும்போது கையில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கறை ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது. வீட்டுக்காரர் விடச் சொல்லி எழுதிக் குடுத்த பொருளை மட்டும் விடலாம். ஏழாம் நம்பர் வீட்டுல அப்படி எதுவும் இல்ல."

ஏழாம் நம்பர்தான் பிரம்மசக்திக்கு. எட்டாம் நம்பர் ஜெர்லினுக்கு. இருவரும் உருளைகளைத் தள்ளிக்கொண்டு போனபோது, ஏழாம் நம்பர் கேட்டுக்கு வெளியே கட்டியிருந்த ரிப்பனைப் பிடித்தபடி ஒரு மனிதர் நின்றார். அறுபது வயதிருக்கும். சட்டையின் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார்.

"எம்மா, இந்த வீட்டுக்கு நீதானா?"

"ஆமா அண்ணாச்சி. நீங்க தள்ளி நிக்கணும். தேர்வு நடக்கு."

"நிக்கேன். உள்ள வரமாட்டேன். எம் பேரு பலவேசம், எங்க வீடுதான் இது. ஒரே ஒரு சங்கதி கேட்டுட்டுப் போ. பெட்ரூம் சொவத்துல ரெண்டு கோடு கெடக்கு. கீழ சாம்பக் கலர்ல ஒண்ணு, முட்டளவு. அது ஆத்துத் தண்ணி. மேல செவப்பா ஒண்ணு, என் தலைக்கு மேல. அது மணலிக்கொளத்துக் கரை மண்ணு."

"கரை ஒடஞ்சு வந்த தண்ணியா?"

"ஒடஞ்சதுன்னா மனசு ஆறிரும் தாயி. வெட்டுனது. அங்கிட்டு இருக்க தொழிற்பூங்காவுக்குள்ள தண்ணி போயிரக் கூடாதுன்னு, காலைல ஏழு மணிக்கு ஜேசிபிய வச்சு இங்கிட்டுக் கரைய வெட்டுனாவ. பாத்த ஆளு நானு. ஆனா காயிதத்துல என்ன எழுதிருக்குன்னா, சாந்தி நகர்ல முட்டளவுக்கு மேல தண்ணியே ஏறலயாம். செத்துப்போன பதினோரு பேரும் தாங்களா வெளிய எறங்கி ஆத்தோட போயிட்டாவளாம்." அவர் ரிப்பனை முறுக்கினார். "எம் பொண்டாட்டி பெட்ரூமுக்குள்ளதான் கெடந்தா."

பிரம்மசக்தியின் கால் தானாக ஆட ஆரம்பித்தது.

"படம் எடுத்து வச்சிருப்பியள்லா?"

"இந்தக் காலத்துல படத்த எவன் நம்புதான்? ஏழு வயசுப் பிள்ள கடலுக்குள்ள கோயில் நிக்க மாதிரி செஞ்சு காட்டுது. கோர்ட்டுல செல்லாதுன்னு சட்டமே வந்தாச்சு. உங்கள மாதிரி ஆளு சான்று எண்ணோட எடுக்கதுதான் செல்லும். இல்லன்னா சொவரே இருக்கணும். அடுத்த மாசம் விசாரணைக்கு நீதிபதி வாராரு. அவரு வாரப்ப சொவரு பால் மாதிரி இருக்கும்."

"விடச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கலாமே, அண்ணாச்சி?"

"முகாம்ல வாரியத்து ஆளுகட்ட கேட்டேன். 'பொருளத்தான் எழுதலாம், கோடெல்லாம் பொருள் இல்ல'ன்னுட்டாவ. வெத்துத்தாள்ல கையெழுத்துப் போட்டாத்தான் வீட்டச் சுத்தம் பண்ணுவோம்னாவ. போட்டேன். வேற எங்க போவ?" முறுக்கிய ரிப்பனைப் பிரித்தார். "அவ பேரு பெரியபிராட்டி. சொவத்துல கை வைக்காத, சொவத்துல கை வைக்காதன்னு எல்லாரையும் ஏசிக்கிட்டே கெடப்பா. வெள்ளையடிச்ச சொவருன்னா அவளுக்கு உசுரு. செவப்புக் கோட்டுக்கு மேல பாரு. பாத்தாத் தெரியும்."

ஜெர்லின் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "யக்கா, வாங்க, நேரமாச்சு. பாவமாத்தான் இருக்கு. ஆனா நமக்கெதுக்கு? இது உங்களுக்குக் கடைசித் தடவ, ஞாபகம் இருக்குல்லா? நம்ம வேல சொவரச் சுத்தம் பண்ணுதது. மத்தது மத்தவங்க பாத்துக்கிடட்டும்."

அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. பிரம்மசக்தி கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

முன்னறை, சமையலறை, குளியலறை. கூழைப் பீய்ச்சினாள், கோலை நீட்டினாள், "எடு" என்றாள். ஒளிப்பொட்டை நகர்த்தினாள், "எடு" என்றாள். நாற்பது முறை, ஐம்பது முறை. ஒரு தடவைகூட நாக்கு பிசகவில்லை. தெரு முனை வேனில் சுயம்புலிங்கம் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். சுவரில் சாம்பல் கூழ் மெல்லக் கொதிப்பதுபோல் அசைந்தது. அதற்கடியில் வெள்ளை எட்டிப் பார்த்தது. மதுமிதாவிடம் சாயங்காலம் என்ன சொல்லலாம் என்றுகூட யோசித்துவிட்டாள். ஆனாலும் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு ஒரு காரணமும் இல்லாமல் நடந்தாள். உருளையின் மூடியைத் திறந்தாள், மூடினாள். பெட்ரூம் கதவை மட்டும் கடைசிக்கு வைத்திருக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

பதினொன்றரைக்கு அதையும் திறந்தாள்.

இரும்புக் கட்டில் ஒன்று சுவரோரம் கிடந்தது. முழங்கால் உயரத்தில் சாம்பல் கோடு, மெலிசாக, நேராக. அதற்கு மேலே, அவள் கையைத் தூக்கினால் தொடுகிற உயரத்தில், சிவப்புக் கோடு. தேரிக்காட்டு மண்ணின் சிவப்பு அது. ஆறு கொண்டுவரும் வண்டல் ஒருநாளும் அப்படி இருக்காது. சின்னப் பிள்ளைக்குக்கூட இது இரண்டு தண்ணீர் என்று தெரியும்.

சிவப்புக் கோட்டுக்கு மேல் ஒரு கை இருந்தது.

ஐந்து விரலும் உள்ளங்கையும் அப்படியே சிவப்பில் பதிந்திருந்தன. கட்டில் மேல் ஏறி நின்றவள் பிடிப்புக்காக ஊன்றிய கை. மோதிர விரலின் அடியில் மட்டும் மோதிர அகலத்துக்கு வெள்ளையாக இருந்தது. விரல்கள் கொஞ்சம் கீழ்நோக்கி இழுபட்டுக் கோட்டோடு நின்றிருந்தன. சுவரில் கை வைக்காதே என்று ஊரையெல்லாம் ஏசியவள் கடைசியில் தன் கையைச் சுவரில் வைத்திருந்தாள்.

பிரம்மசக்திக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது, அதுவும் கண்மண் தெரியாத கோபம். முன்படம் வேண்டாம் என்ற உத்தரவும், சான்று இல்லாதவர்கள் பேரில் பதிவு ஏறாது என்று சுயம்புலிங்கம் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னதும் இப்போதுதான் ஒன்றோடொன்று பொருந்தின. சான்று பெற்ற மீட்பரை அனுப்பினால் அவன் படம் பிடித்தாக வேண்டும், பேர் எழுதியாக வேண்டும். தேர்வு எழுத வந்த பிள்ளைகளை அனுப்பினால் பேரும் இல்லை, படமும் இல்லை. ஒன்பது வீட்டு ஒன்பது சுவரையும் ஒரே காலையில், மதிப்பெண்ணுக்கு ஆசைப்பட்டு, ஒரு புள்ளி விடாமல் அவர்களே துடைத்துக் கொடுப்பார்கள். பதினாறு வருடம் பிறர் அசிங்கத்தைக் கழுவியிருக்கிறாள். இப்படி ஒரு அசிங்கத்தைக் கழுவ யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை.

கூழை அடித்தாள். சுவர் முழுக்கச் சாம்பல் பூசிக்கொண்டது. கோடுகளும் கையும் அதற்கடியில் மங்கலாகத் தெரிந்தன. சாம்பல் கோட்டுக்குக் கீழே பொட்டை வைத்து "எடு" என்றாள். சன்னல் ஓரம், "எடு". கதவுப் பக்கம், "எடு".

பிறகு கோலை மேலே தூக்கினாள். தன் கை ரேகை அழிந்ததை நினைத்தாள். மதுமிதாவை நினைத்தாள், அவளிடம் சொன்ன "பாரு"வை நினைத்தாள். நமக்கெதுக்கு என்று ஜெர்லின் சொன்னது நியாயம்தான் என்றும் நினைத்தாள். ஒளிப்பொட்டு இரண்டு கோட்டையும் கையையும் சுற்றி ஒரு முழு வட்டம் போட்டது. மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் இறுக்கியது.

"எடுத்து," என்றாள். மூச்சை உள்ளே இழுத்தாள். "விடு."

காதில் உடனே சுயம்புலிங்கத்தின் குரல் கேட்டது. "தேர்வர் ஏழு. உங்க கடைசிக் கட்டளையைச் சரிபாருங்க. பத்து நிமிஷம் இருக்கு. விதிப்படி ஒரு தடவைதான் ஞாபகப்படுத்துவேன்."

பிரம்மசக்தி கோலைக் கீழே இறக்கினாள்.

'எடு' என்று ஒரு சொல் சொன்னால் போதும். இரண்டெழுத்து. சொன்னால் சான்று, மீட்பர் பட்டம், மகளின் சிரிப்பு. சொல்லாமல் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் வேலை. பதினாறு வருடத்தில் அவள் செய்த வேலைகளிலேயே கடினமானது அதுவாக இருந்தது. சுவருக்கு முன்னால் நின்றாள். வாயைத் திறந்தால் எங்கே சொல்லிவிடுவோமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். எத்தனையோ அடி வாங்கியும் நிற்காத கால் அன்றைக்கு நின்றது. கை சொடுக்கவில்லை. சாம்பல் கூழ் அந்த வட்டத்துக்குள் மட்டும் மெல்ல மெல்லத் தெளிந்து, கண்ணாடியாகி, கெட்டியானது. அதற்குள் சாம்பல் கோடும் சிவப்புக் கோடும் கையும் முன்னைவிடத் துலக்கமாகத் தெரிந்தன.

பத்து நிமிடம் முடிந்ததும் அவள் கட்டிலின் இரும்பில் உட்கார்ந்தாள். கால் மறுபடி ஆட ஆரம்பித்தது.

ஒரு மணிக்குச் சுயம்புலிங்கம் மதிப்பெண் அட்டையோடு உள்ளே வந்தார். முன்னறையைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார். குளியலறையில் விரலால் தேய்த்துப் பார்த்துத் தலையாட்டினார். பெட்ரூமில் வந்து நின்றவர் ரொம்ப நேரம் எதுவும் எழுதவில்லை.

"மூணு ரூம்ல அறுபத்தி மூணு கட்டளை. ஒரு பிழை இல்ல," என்றார். "இங்க மட்டும் என்ன ஆச்சு?"

"பழக்கதோஷம் சார். வாய் தவறிருச்சு."

"ஞாபகப்படுத்தினேனே?"

"பதட்டத்துல காதுல விழல சார்."

அவர் கண்ணாடித் தோலை உற்றுப் பார்த்தார். மோதிரம் இருந்த இடத்து வெள்ளையில் அவர் கண் நின்றது.

"இதுக்கு ரெண்டு கட்டம் இருக்கு," என்று அட்டையைக் காட்டினார். "விதிமீறல்னு போட்டா ஆயுசுக்கும் தடை. மொழிப் பிழைன்னு போட்டா அஞ்சு வருஷம்."

"தெரியும் சார்."

"'எடுத்துவிடு'ன்னு சேத்துச் சொன்னா 'விடு' துணைவினை. அதுக்குத் தனியாப் பொருள் கிடையாது. நீங்க சொல்லும்போது நடுவுல ஒரு நிறுத்தம் இருந்துச்சு. நான் கேட்டேன். நிறுத்திச் சொன்னா அது துணைவினை இல்லம்மா, முதல்வினை."

பிரம்மசக்தி தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாம் போயிற்று என்று நினைத்தாள்.

சுயம்புலிங்கம் பேனாவைத் திறந்தார். "நல்லவேளை, செவியோட பதிவுல சொல்லு மட்டுந்தான் ஏறும். நிறுத்தம் ஏறாது." மொழிப் பிழை என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டார். வாசல்வரை போனவர் திரும்பி, "வருத்தம்தான் எனக்கு. நீங்க நல்லா வேலை செய்றவங்க," என்றார்.

அவள் வெளியே வந்தபோது ரிப்பனை அவிழ்த்திருந்தார்கள். பலவேசம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பிரம்மசக்தி கேட்டில் சாய்ந்து நின்றாள். தேர்வு போனது இப்போதுதான் உறைத்தது. ஐந்து வருடம். மதுமிதா காலேஜ் முடித்திருப்பாள். அதுவரை என்ன செய்வது? நல்லது செய்தால் மனசு நிறையும் என்பார்கள்; அவளுக்கு வயிறு காலியாக இருந்ததுதான் தெரிந்தது.

பலவேசம் வெளியே வர ரொம்ப நேரமாயிற்று.

"அவ கை அப்பிடியே இருக்கு," என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொவர இடிக்கணும்னு காயிதத்த நீட்டுவாவ. எங் கையெழுத்து இல்லாம இடிக்க முடியாது. இனிமே வெத்துத்தாள்ல போட மாட்டேன் தாயி. நீதிபதி வரட்டும்." பிறகு தயங்கி, "உனக்குப் பாஸா?" என்றார்.

"பாஸ்தான் அண்ணாச்சி," என்றாள் அவள். அவருக்கு எதற்கு அந்தப் பாரமும்.

மூன்று மணிக்கு வேன் கதவில் முடிவை ஒட்டினார்கள். ஏழு பேர் தேர்ச்சி. அந்த ஏழு வீட்டுச் சுவர்களும் நிஜமாகவே பால் போலத்தான் இருந்தன; தெருவில் நின்று சன்னல் வழியாகப் பார்த்தாலே தெரிந்தது. தேர்ச்சி பெற்றவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல பிரம்மசக்திக்கு வாய் வரவில்லை. நேற்றுவரை அவளும் அந்த வரிசையில்தான் நின்றாள்.

கடைசி இரண்டு வரியைப் படித்தாள்.

ஏழு: பிரம்மசக்தி. தோல்வி. மொழிப் பிழை.

எட்டு: ஜெர்லின். தோல்வி. மொழிப் பிழை.

திரும்பினாள். ஜெர்லின் வேனின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், காய்ந்த சேற்றில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"ஏட்டி, ஒனக்கு என்ன வந்துச்சு? நமக்கெதுக்குன்னு என்ன இழுத்துட்டுப் போனவ நீதான?"

"ஆமா." ஜெர்லின் மூக்கை உறிஞ்சினாள். "எட்டாம் நம்பர்லயும் செவப்புக் கோடு இருந்துச்சுக்கா. அது பக்கத்துல பென்சில்ல பிள்ளைங்க ஒயரம் குறிச்சிருந்தாங்க. மூணு பிள்ளைங்க. எல்லாக் குறியும் செவப்புக் கோட்டுக்குக் கீழதான் முடிஞ்சிருந்துச்சு."

பிரம்மசக்தி அவள் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்தாள்.

"சார்ட்ட என்னன்னு சொன்ன?"

"பழக்கதோஷம்னு."

மூன்று மாதத்துக்கு முன்புவரை விளக்குமாற்றையே தொட்டிராதவளுக்கு என்ன பழக்கம், என்ன தோஷம்! பிரம்மசக்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே தன் மணிக்கட்டிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றி, "கைய நீட்டுட்டி" என்று ஜெர்லினின் மணிக்கட்டில் மாட்டி, இழுத்து ஒரு சுண்டு சுண்டினாள். ஜெர்லின் "ஆ" என்று கத்திவிட்டு, அவளும் சிரித்தாள்.

தோற்றவர்களுக்கு வேனில் இடமில்லை. மெயின் ரோடு வரை நடந்து போய் டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். கண்டக்டர் வந்து, "எங்கம்மா?" என்றார்.

"ஆஸ்பத்திரி ஸ்டாப்பு, ரெண்டு," என்றாள் பிரம்மசக்தி. மூன்று மாதத்துக்குப் பிறகு, வாய் நிறைய, பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "எறக்கி விடுங்க, அண்ணே."